கிணற்றுக்கு வந்த ஆமை

சாயங்கால நடைக்குப் பூங்காவுக்கு வருகிற நம் கூட்டத்தில் இப்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் வளர்க்கும் நாய், பூனை பற்றித்தான் பேச்சு. ஒருவர் வீட்டு நாய்க்கு ஏசி ஓடினால்தான் தூக்கம் வருகிறதாம். இன்னொருவர் வீட்டுப் பூனைக்குப் பாலில் தண்ணீர் கலந்தால் கோபம் வருகிறதாம். நானும் கேட்டுக்கொண்டு சும்மாதான் நடந்தேன். நேற்று ஒருவர், "ஏன் மேடம், நீங்க சின்ன வயசுல எதையுமே வளத்ததில்லையா?" என்று கிண்டிவிட்டார். ஆமை வளர்த்தேன் என்றேன். அத்தனை பேரும் நடையை நிறுத்திவிட்டீர்கள்.

இரண்டு பேர் முகம் சுளித்ததையும் பார்த்தேன். ஆமை என்றதும் 'ஆமை புகுந்த வீடு' பழமொழியை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கவலையே வேண்டாம், அது வீட்டுக்கென்று வரவில்லை, கிணற்றுக்கென்று வந்தது. வனத்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் நம் கூட்டத்தில் உண்டு. அவர் மட்டும் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளட்டும். அந்த ஆமையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்று எங்கள் காம்பவுண்டில் அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு, கிணற்றடியில் துவைக்கிற கல்லும் ஒரு சிமெண்டுத் தொட்டியும். காற்று திரும்பினால் தோல் ஷெட்டுகளின் வாடை வரும். புதிதாக வந்த விருந்தாளி மூக்கைப் பொத்துவார், நாங்கள் "என்ன வாடை?" என்று கேட்போம். அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்திலெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், இளவயதிலேயே நரைத்தவர் போல இருப்பார். முகம் கழுவினால் மறுபடி வாலிபர் ஆகிவிடுவார்.

அம்மா சோழவந்தான் பக்கத்துக்காரி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த அன்றே கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "கயிறு பத்துமா?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிக் காம்பவுண்டே சிரிக்கும். கயிற்றை இழுக்கும்போதெல்லாம், "தண்ணியில்லாத ஊருக்கு என்னயக் கட்டிக் குடுத்துட்டாங்களே பாவிங்க" என்று ஒரு பாட்டம் புலம்பாமல் அவள் ஒரு குடம் நிரப்பியதில்லை.

அந்தக் கோடையில் கிணறு வழக்கத்தைவிட இறங்கிப்போனது. ஒரே பாசி. நூல் நூலாகப் புழு நெளிந்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டினோம். அப்படியும் அம்மாவுக்கு அருவருப்புத் தீரவில்லை. வடிகட்டின தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

கடைசி வீட்டில் ஒரு அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, காம்பவுண்டுக்கே அத்தை. அவர் சொன்னால் சொன்னதுதான். "தூர் வாரிட்டு ஒரு ஆமையப் பிடிச்சு உள்ள விடுங்கடி. புழு பூச்சி எல்லாத்தையும் தின்னு தீத்துரும்" என்றார். நம் ஊர்ப்பக்கம் அப்படி விடுவது உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊரு கெணத்துல எல்லாம் ஆமை கெடக்கும் அத்தை. தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும். என் தம்பிகிட்டச் சொல்லுறேன், கொண்டாந்து தருவான்" என்று ஏற்றுக்கொண்டுவிட்டாள். தண்ணீர் விஷயத்தில் தன் பிறந்த ஊருக்கு ஒரு பெருமை சேர்க்க அவளுக்குக் கிடைத்த வாய்ப்பு அது, விடுவாளா?

மாமா நத்தம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர், டூட்டி இடைவெளியில் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். ஒருநாள் மத்தியானம் ஒரு தோளில் டிக்கெட் பையும், கையில் துண்டு மூட்டையுமாக வந்து நின்றார்.

"அக்கா, நீ கேட்ட சாமான்."

"எங்கடா பிடிச்ச?"

"நான் எங்க பிடிச்சேன்? கரட்டு ஓரமா ரோட்டக் கடந்துக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் அண்ணே பிரேக்கப் போட்டாரு. பஸ்ல அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் பாக்குறாங்க. நான் எறங்கித் தூக்கிட்டு வந்துட்டேன்."

துண்டைப் பிரித்தார். கவிழ்த்த கொட்டாங்கச்சியைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு ஓடு. ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலும் நடுப்புள்ளியில் இருந்து மஞ்சள் கோடுகள் விரிந்து ஓடின. மார்கழியில் யாரோ வந்து அதன் முதுகில் கோலம் போட்டுவிட்டுப் போனது போல இருந்தது. நான் மூச்சு விடாமல் பார்த்தேன். அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

"இம்புட்டு அழகா இருக்கே! எங்க ஊரு ஆமை எல்லாம் சட்டி கணக்காக் கருப்பா, தட்டையா இருக்கும்."

"இது டவுன் ஆமைக்கா" என்றார் மாமா. அந்த விளக்கம் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

தூர் வாருகிறவர்கள் அந்த நேரம் பார்த்துக் கிடைக்கவில்லை. கோடை வந்தால் திண்டுக்கல்லில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுத்தடித்தார்கள். அதுவரை ஆமை எங்கள் பொறுப்பு என்று ஆனது. அம்மா உடனே சட்டம் போட்டாள்: "இது கெணத்து ஆமை. நெலைப்படியத் தாண்டக் கூடாது. நான் தொடவும் மாட்டேன், சொல்லிட்டேன்." அதனால் அடுப்படிக்குப் பின்னால் கொல்லையில் குடிவைத்தோம். தொட மாட்டேன் என்றதால் பார்த்துக்கொள்ளும் வேலை முழுக்க எனக்கு. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நேரம், அதைவிடப் பெரிய பரிசு எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும்? பழைய ஈயக் குண்டானில் தண்ணீர் ஊற்றி அதற்குள் விட்டோம். அந்தத் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் அம்மா தன் பங்கில் இருந்து அரைக் குடம் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமை அந்தத் தண்ணீரில் ஒரு நிமிடம்கூடச் சந்தோஷமாக இருக்கவில்லை. கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, முன்னங்காலால் குண்டானின் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. சர்ரக் சர்ரக் என்று அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு அம்மா அயிரை மீன் வாங்கித் தந்தாள். நாங்களே மாதத்துக்கு ஒரு தடவைதான் மீன் பார்ப்போம். ஆமை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சோற்றுப் பருக்கை வைத்தோம், மண்புழு தோண்டிப் போட்டோம், ஒன்றுக்கும் மசியவில்லை. அப்பா ஷிப்டு முடிந்து வந்து குனிந்து பார்த்து, "என்னப்பா, விருந்துக்கு வந்த மாப்ள மாதிரி மொறச்சுக்கிட்டு இருக்க?" என்றார். அன்றில் இருந்து அதற்கு மாப்ள என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதில் என்ன சிக்கல் என்றால், மாமாவையும் அப்பா மாப்ள என்றுதான் கூப்பிடுவார். "மாப்ளைக்குத் தீனி வச்சாச்சா?" என்று அப்பா கேட்பார். "இன்னும் இல்ல மச்சான், பசிக்குது" என்று உள்ளே இருந்து மாமா குரல் வரும்.

அது தின்பதைக் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் தற்செயலாக. சாயங்காலங்களில் அம்மா கொல்லையில் உட்கார்ந்து பூத் தொடுப்பாள். குண்டானில் இருந்து அதை எடுத்துக் கொஞ்சம் காலாற விட்டிருந்தேன். கீழே உதிர்ந்து கிடந்த செவ்வந்தி இதழை நோக்கி அது நேராக நடந்து போய், வாயைத் திறந்து ஒரு கவ்வு. நறுக் என்று சத்தம்கூடக் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது! பிறகு தக்காளி கொடுத்தேன், முருங்கைக் கீரை கொடுத்தேன், வெள்ளரித் தோல் கொடுத்தேன். தக்காளி தின்றால் வாயெல்லாம் சிவந்து, வெற்றிலை போட்ட பெரிய மனிதர் போலப் பார்க்கும். ஆசை தீரும் மட்டும் அதன் எதிரில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த வயதில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. காலையில் கண் விழித்ததும் ஓடிப்போய்ப் பார்க்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் பெரியவர்களுக்குக் கவலை. கீரை தின்கிற ஆமை கிணற்றுப் புழுவைத் தின்னுமா? தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறதே? கடைசியில் மாமாதான் காரணம் கண்டுபிடித்தார். "இது குட்டியிலயே ரோட்டுப் பக்கம் வந்துருச்சு போல. தண்ணி பழகல. நீச்சல் பழக்கிட்டாச் சரியாயிரும்."

சிரிக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டுதானே கிணற்றில் நீச்சல் பழகினோம்? மாமா எங்கிருந்தோ காய்ந்த சிறிய சுரைக்குடுக்கை இரண்டு வாங்கி வந்து, ஆமைக்கு இடமும் வலமுமாகக் கட்டிச் சிமெண்டுத் தொட்டியில் விட்டார். காம்பவுண்டே திரண்டு நின்றது. ஆமை முங்கவில்லை, நீந்தவும் இல்லை. நாலு காலும் தண்ணீரில் சும்மா தொங்க, பல்லக்கில் போகிற ஜமீன்தார் மாதிரி மிதந்தது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இம்புட்டுப் பேரு கண்ணும் பட்டா அது எப்பிடி நீந்தும்?" என்று உப்பும் மிளகாயும் எடுத்து வந்து ஆமைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் எல்லாம் தும்மினோம். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு புஸ் என்றது.

இத்தனை சிரிப்புக்கு நடுவில் எனக்கு மட்டும் பயமாக இருந்தது. காரணம் இருக்கிறது. அதற்கு முன்பே ஒரு மத்தியானம் தண்ணீர் பழகட்டும் என்று மாமா குண்டானை வழக்கத்தைவிட நிறைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கீரை ஆய்ந்து எடுத்துக்கொண்டு வந்தபோது சுரண்டும் சத்தமே இல்லை. ஆமை குண்டானின் அடியில் கிடந்தது. மூக்கில் இருந்து ஒவ்வொரு குமிழியாக மேலே வந்தது. குண்டானை அப்படியே கவிழ்த்துவிட்டேன். கழுத்து துணி மாதிரித் தொங்கியது. வெயிலில் காய்ந்த துவைகல்லின் மேல் வைத்துவிட்டு, "மாப்ள, மாப்ள" என்று அழுதேன். வெகுநேரம் கழித்துத்தான் அது ஒரு காலை இழுத்தது. அப்புறம் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன். "அம்மா, மாப்ள தண்ணியில முங்கிச் சாகப் பாத்துச்சும்மா!"

"ஆமை தண்ணியில சாகுமாடி? மீனு முங்கிச் செத்துப்போச்சுன்னு எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

"நெசமாம்மா. நீ அது காலத் தொட்டுப் பாரு, கெட்டியா இருக்கு. நீந்த முடியாதும்மா."

"நான் தொட மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? அரைக் குடம் தண்ணியக் கவுத்துட்டு வந்து கதை சொல்லுறா!"

தண்ணீர் போனதற்குத்தான் திட்டு. அப்பாவிடம் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன், அத்தையிடம்கூடச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. இங்கிலீஷ்காரன் தண்ணீரில் கிடப்பதற்கு ஒரு பெயரும் தரையில் நடப்பதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறான் என்று பின்னாளில் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வாயில் இரண்டுக்கும் ஆமை என்ற ஒரே பெயர்தான் இருந்தது. அந்தப் பெயர் அதைக் கிணற்றை நோக்கி இழுத்துக்கொண்டு போனது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி வேண்டுதல்தான். மாரியம்மன் கோயில் வழியாகப் போனால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பள்ளிவாசலைத் தாண்டும்போது கையை விரித்துக்கொள்வேன். மாதா கோயில் பக்கம் போனால் சிலுவை போட்டுக்கொள்வேன். மூன்று இடத்திலும் ஒரே மனுதான்: தூர் வாருகிறவர்களுக்கு வேறு ஊரில் நிறைய வேலை கொடு, சாமி.

சாமிகள் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். காலையில் இருந்து சேறு சேறாக மேலே வந்தது. கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளர், ரப்பர் பந்து, பூட்டே இல்லாத சாவிகள், யாருடையது என்று தெரியாத ஒற்றைக் கொலுசு. கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்கென்றே காம்பவுண்டில் ஒரு பாதாளக் கரண்டி வைத்திருந்தோம், அதுவே ஒருநாள் காணாமல் போயிருந்தது. அதுவும் சேற்றோடு வந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஊற்றுக் கண் திறந்து புதுத் தண்ணீர் கொஞ்சம் கட்டியதும், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆமையை விடுவதென்று அத்தை நாள் குறித்தார். அம்மா மஞ்சள் கட்டின புதுக் கயிற்றை வாளியில் முடிந்தாள். எல்லா வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். நான் ஆமையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துவைகல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஏ புள்ள, கொண்டா" என்றார் அத்தை.

"தர மாட்டேன். உள்ள போனாச் செத்துரும்."

"அது, அது வீட்டுக்குப் போகுது ஆத்தா. இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார் அப்பா.

நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அம்மாதான் வந்தாள். தொட மாட்டேன் என்று சொன்னவளுக்கு அன்று வேறு வழி இல்லை, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆமையை வாங்கினாள். பின்னங்கால் அவள் உள்ளங்கையில் அழுத்தியது. அவள் ஒரு விநாடி நின்றாள். காலைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, வேணாம்மா" என்றேன். கொண்டுபோய் வாளியில் வைத்துவிட்டாள்.

அப்பா கயிற்றை விட்டார். உருளை கிரீச் கிரீச் என்று சுற்றியது. வாளி இறங்க இறங்க உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது, சர்ரக் சர்ரக் என்று தகரத்தைச் சுரண்டும் சத்தம். கிணற்றுக்குள் அது பத்து மடங்காகக் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வாளி தண்ணீரைத் தொடப் போகிறது.

"இழுங்க" என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்னது?"

"மேல இழுங்கன்னா இழுங்க!"

"இந்தா, என்னடி ஆச்சு உனக்கு?" என்றார் அத்தை. "நல்ல நேரம் போகுதுல்ல?"

அம்மா திரும்பினாள். அவள் அத்தையை எதிர்த்துப் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. "அத்தை, எங்க வாய்க்கா ஆமைக்குக் காலு தட்டையா இருக்கும், வெரலுக்கு நடுவுல சவ்வு இருக்கும். சின்ன வயசுல பிடிச்சு வெளாண்ட கை இது. இது காலு உருண்டையா ஒலக்கை மாதிரி இருக்கு. இது நடக்குற காலு. எம்புள்ள இம்புட்டு நாளாச் சொல்லுச்சு, நான்தான் தொட்டுக்கூடப் பாக்கல."

"ஆமைன்னா ஆமைதானடி?"

"பாம்புல தண்ணிப் பாம்பும் இருக்கு, வயக்காட்டுப் பாம்பும் இருக்கு. ஆமையில மட்டும் இருக்கக் கூடாதா? தண்ணியே இல்லாமப் பொழைக்குது அத்தை இது. நம்ம ஊருக்கு இதவிட ஏத்த சீவன் உண்டா?" சொல்லிவிட்டு அம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்தாள். "கெணத்துக்கு வேற ஆமை நான் பாத்துத் தாரேன். இது எங்க வீட்டுல இருக்கட்டும்."

அப்பா கயிற்றை இழுக்க ஆரம்பித்தார். நான் கைப்பிடிச் சுவரில் தொற்றி ஏறி எட்டிப் பார்த்தேன். ஓட்டின் மஞ்சள் கோடுகள் முதலில் தெரிந்தன, அப்புறம் கழுத்து. தண்ணீரே இல்லாமல் மேலே வந்த வாளியைப் பார்த்து எங்கள் காம்பவுண்டில் யாராவது குதித்துச் சிரித்தது உண்டென்றால், அது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.